யூரோப் டூர்: எத்தனை நாடுன்னு கேக்காதீங்க, ஒரு ஊர்ல எத்தனை ராத்திரின்னு கேளுங்க

1/
60 வயசு தாண்டி யூரோப் போக ப்ளான் பண்றவங்களுக்கும், அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடுற பிள்ளைகளுக்கும் ஒரு நீளமான த்ரெட். நான் ட்ராவல் ஏஜென்ட் இல்ல, பொது மருத்துவர். ஆனா கோடை சீசன் நெருங்கினா போதும், டூர் நோட்டீஸோட என் ஓபிக்கு வர்றவங்க அதிகமாயிடறாங்க. எல்லாருக்கும் தனித்தனியா சொல்றதை இங்கே ஒரே இடத்துல எழுதிடறேன்.

2/
போன வாரம் ஒரு தம்பதி வந்தாங்க. ஐயாவுக்கு 69, ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். சுகர், பிபி, இதயம் கொஞ்சம் பலவீனம். அம்மாவுக்கு 64, ரெண்டு முழங்காலும் தேய்மானம். கையில ரெண்டு ப்ளான். ஒண்ணு "14 நாள், 9 நாடு" பஸ் டூர். இன்னொண்ணு மகள் போட்டுக் கொடுத்தது: இத்தாலி + பாரிஸ். "எதுல போகலாம் சார், நீங்களே சொல்லுங்க"ன்னாங்க.

3/
நான் திருப்பி ஒரே கேள்விதான் கேட்டேன். "ஐயா, காலையில நீர் மாத்திரை போடுறீங்களே, பஸ்ல என்ன பண்ணுவீங்க?"
ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் ஐயா மெதுவா சொன்னார்: "அந்த ரெண்டு வாரம் மட்டும் போடாம விட்டுடலாம்னு இருக்கேன் சார்."
எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. ஏன்னா இதே முடிவைத்தான் என் அப்பாவும் எடுத்தார். என்கிட்ட சொல்லாம.

4/
சில வருஷம் முன்னாடி அப்பா அம்மாவோட கல்யாண நாளுக்குப் பரிசா ஒரு யூரோப் டூர் புக் பண்ணேன். 8 நாடு, 13 ராத்திரி. அப்பாவுக்கு அப்போ 72. ஸ்டென்ட் வச்சவர், 18 வருஷ சுகர். நான் டாக்டர். என் பேஷன்ட்டுக்கு ஆயிரம் அட்வைஸ் சொல்றவன். அந்த நோட்டீஸ்ல நான் பார்த்தது என்ன தெரியுமா? ஈஃபில் டவர் இருக்கா, சைவ சாப்பாடு இருக்கா, விலை என்ன. அவ்வளவுதான்.

5/
தினமும் காலை 7:30க்கு பஸ். ஹோட்டல் எல்லாம் ஊருக்கு வெளியே. டாய்லெட் எப்ப வரும்னு தெரியாது. வந்தாலும் 40 பேர் வரிசை, கையில யூரோ சில்லறை வேணும். முதல் நாளே ஒரு தடவை அவசரமாகி, அப்பா பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வேண்டி வந்திருக்கு. எல்லாரும் திரும்பிப் பார்த்திருக்காங்க. அடுத்த நாளிலிருந்து நீர் மாத்திரையை நிறுத்திட்டார். தண்ணியையும் குறைச்சுட்டார். போதாக்குறைக்கு பஸ்ல கொடுத்த சிப்ஸ், ஊறுகாய், ரெடிமேட் சூப். எல்லாம் உப்பு.

6/
9வது நாள் ராத்திரி அம்மா இத்தாலியிலிருந்து போன். "அப்பா படுக்கவே மாட்டேங்குறார்டா. ரெண்டு நாளா உக்காந்துக்கிட்டே தூங்குறார். ஷூ உள்ள போக மாட்டேங்குது."
படுத்தா மூச்சு முட்டுது, கால் வீங்கிடுச்சு. போன்லயே புரிஞ்சுடுச்சு. நுரையீரல்ல நீர் கோத்துருச்சு. 112க்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டு, அங்கே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. டாக்டர்கள் நல்லா பார்த்தாங்க. ஊசியில நீர் மருந்து, ஆக்சிஜன். நாலு நாள்ல அப்பா தேறிட்டார்.

7/
ஆனா காலையில டூர் பஸ் கிளம்பிடுச்சு. அவங்களைக் குறை சொல்ல முடியாது, ஒருத்தருக்காக 40 பேரை நிறுத்தி வைக்க முடியாது. பாஷை தெரியாத ஊர்ல, ரெண்டு பெட்டியோட, ஆஸ்பத்திரி வராந்தாவுல என் அம்மா தனியா உக்காந்திருந்தாங்க. நான் விசா வாங்கிப் போய்ச் சேர முடியல. வீடியோ கால்லதான் தைரியம் சொன்னேன்.
திரும்பி வந்ததும் அப்பா சொன்னது: "எட்டு நாடு பார்த்தேன். எந்த நாட்டுல பாத்ரூம் எங்கே இருக்குன்னுதான் ஞாபகம் இருக்கு."

8/
அதனால என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வயசானவங்களோட ரெண்டு வார யூரோப் பயணத்துல, போற நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நோட்டீஸ்ல இருக்கிற படங்களை வச்சு இல்ல. போறவங்கள்ல யாருக்கு உடம்பு ரொம்ப முடியாதோ, அவங்க முழங்கால், மூச்சு, மூத்திரப்பை இந்த மூணையும் வச்சுத்தான். 14 ராத்திரிக்கு மூணு ஊருக்கு மேல தங்காதீங்க. ரெண்டுன்னா இன்னும் நல்லது.

9/
புக் பண்றதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு சின்ன பரிசோதனை.
அ) நிக்காம ரெண்டு மாடி படி ஏறுங்க. மேலே போனதும் பேச முடியுதா? நெஞ்சுல ஏதாவது அழுத்தம்?
ஆ) மூணு நாள் தொடர்ந்து காலையில ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி நடங்க. நாலாவது நாள் கால் எப்படி இருக்கு?
இ) எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் போறீங்கன்னு எழுதுங்க.
முதல்லயே மாட்டினா டிக்கெட்டுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. ரெண்டாவதுல, மூணாவதுல மாட்டினா பயணத்தை நிறுத்த வேண்டாம், ஊரை மாத்துங்க.

10/
இப்போ ஊர் ஊரா வருவோம். முதல்ல இத்தாலி.
அழகுல குறையே சொல்ல முடியாது. ஆனா முழங்கால் வலிக்காரங்களுக்கு வெனிஸ் ஒரு சோதனை. 400க்கு மேல பாலம், பெரும்பாலும் படி ஏறி இறங்கணும். கார், ஆட்டோ எதுவும் உள்ளே வராது. "படகு இருக்கே"ன்னு கேப்பீங்க. படகுத்துறையிலிருந்து ஹோட்டலுக்கு பெட்டியைத் தூக்கிக்கிட்டு பாலம் ஏறப் போறது யாரு?
ரோம் பூரா கருங்கல் பதிச்ச தெரு. வாட்டிகன் மியூசியத்துல கிலோமீட்டர் கணக்குல நடை, உக்கார இடம் கம்மி.

11/
அப்ப இத்தாலி வேணாமா? அப்படிச் சொல்லல. ரோம் மட்டும் அஞ்சு ராத்திரி, ஒரு நாளைக்கு ஒரே இடம், மதியம் ரூமுக்கு வந்து தூக்கம்னு போனா தாராளமா முடியும். "காலையில வாட்டிகன், மதியம் கொலோசியம், ராத்திரி ஃபிளாரன்ஸ்"னு போட்டாத்தான் கால் காலி. இன்னொண்ணு, ஜூலை ஆகஸ்ட்ல ரோம் பக்கமே போகாதீங்க. ஏன்னு கீழே சொல்றேன்.

12/
பாரிஸ். எல்லாரும் ஈஃபில் டவரைப் பத்திக் கவலைப்படுவாங்க, அதுல லிஃப்ட் இருக்கு. பிரச்சினை மெட்ரோவுலதான். 1900ல ஆரம்பிச்ச ரயில் அது. பெரும்பாலான பழைய ஸ்டேஷன்கள்ல லிஃப்ட் கிடையாது. படி, சுரங்கப் பாதை, மறுபடியும் படி. லிஃப்ட் வசதி முழுசா இருக்கிறது 14ஆம் நம்பர் லைன்லதான்.
பாரிஸ் போனா மெட்ரோவை மறந்துட்டு சிட்டி பஸ்ல போங்க. தாழ்தளப் பஸ், ஊரையும் பார்த்த மாதிரி ஆச்சு. நம்ம சாப்பாடு வேணும்னா லா சப்பல் பக்கம் போங்க. ஈழத் தமிழர் கடைகள் வரிசையா இருக்கு, இட்லி தோசை எல்லாம் கிடைக்கும்.

13/
ஸ்பெயின். இன்சுலின் போடுறவங்க கவனிங்க. அங்கே ராத்திரி சாப்பாடு 9 மணிக்கு மேலதான். பல ஹோட்டல்கள்ல 8, 8:30க்கு முன்னாடி கிச்சனே திறக்காது. பகல் பூரா நடந்துட்டு, 7 மணிக்கு வழக்கம்போல ஊசியைப் போட்டுட்டு 9 வரைக்கும் காத்திருந்தா சுகர் தடாலடியா இறங்கிடும். போகக் கூடாதுன்னு இல்ல. சாப்பாடு டேபிளுக்கு வந்தப்புறம்தான் ஊசின்னு முடிவு பண்ணிட்டுப் போங்க.

14/
லிஸ்பன், பிராக், சாண்டோரினி. மூணும் இன்ஸ்டாகிராம்ல பிரமாதம். லிஸ்பன் ஏத்த இறக்கமான மலை ஊர், நடைபாதையில வழுக்குற வழவழப்புக் கல்லு. பிராக்ல கோட்டை மேட்டு மேல, தெரு பூரா கரடுமுரடான கல்லு. ஆனா 22ஆம் நம்பர் டிராம் மேல வரைக்கும் போகும், அதுல ஏறி இறக்கத்துல நடந்து வரலாம். சாண்டோரினியில பழைய துறைமுகத்திலிருந்து ஊருக்கு ஏறக்குறைய 600 படி, இல்லைன்னா கேபிள் காருக்கு வரிசை. முழங்காலுக்கு இறக்கம்தான் ஏத்தத்தை விட மோசம், அதை மறக்காதீங்க.

15/
நெதர்லாந்து. முழங்கால்காரங்களோட சொர்க்கம். நாடே தட்டை. ஆனா ரெண்டு விஷயம். ஆம்ஸ்டர்டாம் பழைய வீட்டு ஹோட்டல்கள்ல படி ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும், லிஃப்ட் இருக்கான்னு கேட்டுட்டு ரூம் போடுங்க. சைக்கிள் பாதையில தெரியாம நின்னுடாதீங்க, வேகமா வருவாங்க. குயூக்கன்ஹோஃப் துலிப் தோட்டம் மார்ச் கடைசியிலிருந்து மே நடு வரைக்கும்தான். ஜூன்ல போய் "பூவைக் காணோமே"ன்னு நிக்கக் கூடாது.

16/
சுவிட்சர்லாந்து. நம்ம ஆளுங்களுக்கு யூரோப்னாலே இதுதான். இங்கே ஒரு மருத்துவ விஷயம் இருக்கு, எந்த நோட்டீஸ்லயும் போட மாட்டாங்க. யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரம். டிட்லிஸ் மேல் நிலையம் 3,000 மீட்டருக்கு மேல. நம்ம ஊட்டியே ஏறக்குறைய 2,240தான். யுங்ஃப்ராவ்யோக்ல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல மூணுல ரெண்டு பங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குத்தான் உள்ளே வரும். அதுவும் காலையில அடிவாரத்துல டிபன் சாப்பிட்டுட்டு, மதியத்துக்குள்ள மேலே.

17/
பயமுறுத்தல. பிபி, சுகர் கட்டுக்குள்ள இருந்து, ரெண்டு மாடி சுலபமா ஏறுறவங்களுக்கு அங்கே ஒரு ரெண்டு மணி நேரம் பெரும்பாலும் பிரச்சினை இல்ல. மெதுவா நடங்க, தலை சுத்தினா உக்காருங்க, கீழே இறங்குங்க.
ஆனா சமீபத்துல ஹார்ட் அட்டாக் வந்தவங்க, கொஞ்சம் நடந்தாலே நெஞ்சு வலிக்கிறவங்க, இதயம் ரொம்ப பலவீனமானவங்க, ஆக்சிஜன் குறையுற அளவுக்கு நுரையீரல் நோய் இருக்கிறவங்க, ரத்த சோகை அதிகமா இருக்கிறவங்க உங்க டாக்டர் சரின்னு சொல்லாம மேலே போகாதீங்க. டிக்கெட்டுக்குக் காசு கட்டியாச்சேன்னு போகவே போகாதீங்க.

18/
அவங்களுக்கு ரீகி மலை இருக்கு. லுசெர்ன் ஊர்லேர்ந்து ஏரியில படகு ஏறி ஃபிட்ஸ்னாவ், அங்கேர்ந்து பல்சக்கர ரயில். 1871ல ஓடத் தொடங்கின, யூரோப்போட முதல் மலை ரயில் அது. உச்சி 1,800 மீட்டருக்குள்ளதான். ஏரி, பனிமலை வரிசை எல்லாம் மேலேர்ந்து தெரியும். ஒரு படி ஏற வேண்டாம். சுவிஸ் ட்ராவல் பாஸ்லயே படகும் ரீகி ரயிலும் அடங்கிடும்.

19/
இப்போ பலர் யோசிக்கவே யோசிக்காத ஊர்: வியன்னா. வயசானவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான். காரணம் சாதாரணமானது.
- மெட்ரோ ஸ்டேஷன் எல்லாத்துலயும் லிஃப்ட் அல்லது சாய்தளம் இருக்கு.
- டிராம்ல உக்காந்தபடியே ரிங் சாலை அரண்மனை, ஓபரா, பாராளுமன்றம் எல்லாம் பார்க்கலாம்.
- குழாய்த் தண்ணி ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து வருது, பாட்டில் வாங்க வேண்டாம்.
- எங்கே பார்த்தாலும் பூங்கா, பூங்கா பூரா பெஞ்சு.
- 6 மணிக்கே ராத்திரி சாப்பாடு கிடைக்கும்.
- ஒரு காபி வாங்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்தாலும் யாரும் எழுப்ப மாட்டாங்க.

20/
ஆக, முழங்கால் வலி + சுகர் + பிபி உள்ள சராசரி நம்ம ஊர் தம்பதிக்கு என்னோட 14 ராத்திரி:
வியன்னா 6, சால்ஸ்பர்க் 3, லுசெர்ன் 5.
வியன்னாலேர்ந்து சால்ஸ்பர்க் ரயில்ல ரெண்டரை மணி நேரம். சால்ஸ்பர்க் கோட்டைக்கு மேலே போக இழுவை ரயில் இருக்கு. அங்கேர்ந்து சூரிக் வழியா லுசெர்ன் ஒரு முழு பகல், ஆனா ரயில்ல டாய்லெட் இருக்கு, எழுந்து நடக்கலாம், ஜன்னல் பூரா மலை. வியன்னாவுல இறங்கி சூரிக்ல ஏறுற மாதிரி டிக்கெட் போடுங்க, வந்த வழியே திரும்ப வேண்டாம். அதிக ராத்திரி ஆஸ்திரியாவுல இருக்கிறதால ஷெங்கன் விசா ஆஸ்திரியாவுக்கு விண்ணப்பிக்கணும்.

21/
செலவு? சுவிஸ் விலை அதிகம், மறைக்கல. ஒரு சாதா சாப்பாடே கையைக் கடிக்கும். அதனாலதான் அங்கே 5 ராத்திரியோட நிறுத்தினேன். கிச்சன் உள்ள ரூம் போட்டா சூப்பர்மார்க்கெட்ல தயிர், அரிசி, காய் வாங்கி சமைச்சுக்கலாம். சூரிக், பேர்ன், பாசெல் மாதிரி ஊர்கள்ல ஈழத் தமிழர் மளிகைக் கடைகள் இருக்கு, கறிவேப்பிலை வரைக்கும் கிடைக்கும். சுத்த சைவம்னா சூரிக்ல ஹில்டில்னு ஒரு உணவகம், 1898லேர்ந்து நடக்குது.

22/
லண்டனையும் சேர்த்துக்கலாமேன்னு கேப்பாங்க. பிள்ளைங்க அங்கே இருந்தா அது வேற கதை, அங்கேயே ரெண்டு வாரம் இருங்க. இல்லைன்னா, லண்டனுக்குத் தனி விசா, ஷெங்கன்ல வராது. ஒரு ஊருக்காக இன்னொரு விசா, இன்னொரு விமான நிலையம், இன்னொரு இமிக்ரேஷன் வரிசை. நின்னு நின்னே ஒரு நாள் போயிடும்.

23/
மறதி ஆரம்பிச்சிருக்கிற அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்களா? அப்போ மூணு ஊர்கூட வேண்டாம். ஒரே ஊர், ஒரே ரூம். தினம் ஒரு ஹோட்டல் மாறினா, ராத்திரி எழுந்து பாத்ரூம் கதவுன்னு நினைச்சு வராந்தா கதவைத் திறந்து வெளியே போயிடுவாங்க. இதை நான் கற்பனையா சொல்லல, என் பேஷன்ட் வீட்ல நடந்தது. கழுத்துல ஹோட்டல் விலாசமும் போன் நம்பரும் எழுதின அட்டை மாட்டுங்க.

24/
எந்த மாசம்? மே நடுவிலிருந்து ஜூன் நடு வரைக்கும், இல்லைன்னா செப்டம்பர். ஜூலை ஆகஸ்ட் வேண்டாம். "நாங்க பார்க்காத வெயிலா?"ன்னு சிரிக்காதீங்க. அங்கே பல ஹோட்டல்ல ஏசி இல்ல, சில இடத்துல மின்விசிறிகூட இருக்காது. வீடுகள் சூட்டை உள்ளேயே பிடிச்சு வைக்கிற மாதிரி கட்டினது. பொழுது சாய 9 மணி ஆகும். 2003 கோடையில வெப்ப அலையில யூரோப் முழுக்க 70,000 பேருக்கு மேல இறந்தாங்க. அதுல பெரும்பாலானவங்க முதியவங்க.

25/
"வாழ்க்கையில ஒரு தடவைதான் போறோம், எல்லாத்தையும் பார்த்துடணும்ல?" இதுதான் எனக்கு வர்ற பெரிய எதிர்க்கேள்வி. நியாயமான ஆசை. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 9 நாடு 14 நாள்னா, பஸ்ல உக்கார்றதும், பெட்டி கட்டுறதும், பிரிக்கிறதும் போக ஒரு ஊர்ல கையில நிக்கிறது சில மணி நேரம். போட்டோ எடுத்ததும் "சீக்கிரம் வாங்க"ன்னு கொடியை ஆட்டுவாங்க. அந்த அவசரத்துல பின்தங்கினா குழுவுக்குப் பாரம்னு வயசானவங்க வலியைச் சொல்ல மாட்டாங்க. மாத்திரையை நிறுத்துவாங்க, தண்ணியைக் குறைப்பாங்க. சிரிச்சுக்கிட்டே போட்டோவுக்கு நிப்பாங்க. பிள்ளைங்க ஸ்டேட்டஸ்ல அந்த சிரிப்பு மட்டும்தான் வரும்.

26/
குரூப் டூரே தப்புன்னு சொல்லல. பாஷைப் பயம், சாப்பாட்டுப் பயம் இருக்கிறவங்களுக்கு, தனியா போற அம்மாக்களுக்கு அது பெரிய துணை. ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடி இந்த அஞ்சைக் கேளுங்க:
- ஒரே ஹோட்டல்ல தொடர்ந்து எத்தனை ராத்திரி?
- ஹோட்டல் ஊருக்குள்ளயா, வெளியேயா?
- பஸ்ல டாய்லெட் இருக்கா, ஓடும்போது திறந்து விடுவாங்களா?
- ஒரு நாள் முடியலைன்னா ரூம்லயே தங்கலாமா?
- யாராவது ஆஸ்பத்திரியில சேர்ந்தா கூட இருக்கப் போறது யாரு?
கடைசிக் கேள்விக்கு மழுப்பினா வேற இடம் பாருங்க. நான் அன்னிக்குக் கேக்காம விட்டது அதைத்தான்.

27/
இனி மருந்து. தயவுசெஞ்சு இதை மட்டுமாவது சேமிச்சு வச்சுக்கோங்க.
நீர் மாத்திரையை நிறுத்தாதீங்க. நேரத்தை மாத்த முடியுமான்னு உங்க டாக்டரைக் கேளுங்க. ஃபுரோசிமைடு போட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு சுமார் 6 மணி நேரம் வேலை செய்யும். வெளியே சுத்துற நாள்ல, சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் போட்டுக்கலாம்னு பலருக்கு மாத்திக் கொடுக்க முடியும். இவ்வளவு சின்ன விஷயம். என் அப்பா என்கிட்ட கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேன். நான் கேட்டிருந்தா அவரும் சொல்லியிருப்பார்.

28/
சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை போடுறவங்களுக்கும் மூத்திரம் அதிகம் போகும். கூடவே தண்ணியைக் குறைச்சா உடம்பு வறண்டு போயிடும், தலை சுத்தி விழுவாங்க. வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாத நாள்ல இந்த மாத்திரைகளை என்ன செய்யணும்னு கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. பெரியவங்களுக்கான பேட், டயப்பர் போட்டுக்க வெட்கப்பட வேண்டாம். வெட்கத்துக்காக மருந்தை நிறுத்தறது எவ்வளவோ ஆபத்து.

29/
மத்தவை சுருக்கமா:
- மருந்து எல்லாம் கைப்பையில, போற நாளை விட ஒரு வாரத்துக்குக் கூடுதலா. இன்சுலினை செக்-இன் பெட்டியில போடவே கூடாது, உறைஞ்சு போகலாம்.
- மருந்தோட ஜெனரிக் பேர் போட்ட இங்கிலீஷ் சீட்டு. நம்ம ஊர் மாதிரி மெடிக்கல் ஷாப்புல பிபி மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ சும்மா தர மாட்டாங்க.
- புது ஷூ வேண்டாம். ரெண்டு மாசம் முன்னாடி வாங்கிப் பழக்குங்க. சுகர்காரங்க தினம் ராத்திரி பாதத்தைப் பாருங்க, கொப்புளம் வலிக்காம வரும்.
- விமானத்துல மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்க. கால் நரம்புல ரத்தக்கட்டு முன்னாடி வந்தவங்க தனியா டாக்டரைப் பாருங்க.

30/
- விமான நிலையத்துல வீல்சேர் இலவசம். 48 மணி நேரம் முன்னாடியே ஏர்லைன்ஸ்ல சொல்லணும். "எனக்கென்ன, நான் நல்லா நடப்பேன்"னு வீராப்பு வேண்டாம்.
- ஷெங்கன் விசாவுக்கு குறைஞ்சது 30,000 யூரோ இன்சூரன்ஸ் கட்டாயம். அது குறைஞ்சபட்சம்தான், கூடுதலா எடுங்க. ஏற்கெனவே இருக்கிற நோயை மறைக்காதீங்க. ஸ்டென்ட் விஷயத்தை எழுதியிருந்ததாலதான் அப்பாவோட ஆஸ்பத்திரிச் செலவுல பெரும்பகுதி எங்களுக்குத் திரும்ப வந்தது.
- அவசரத்துக்கு 112. யூரோப்பிய யூனியன் நாடுகள்லயும் சுவிஸ்லயும் வேலை செய்யும். மூச்சு முட்டினா, நெஞ்சு வலிச்சா, வாய் கோணினா ஊர்ல இருக்கிற மகனுக்கு போன் பண்றதுக்கு முன்னாடி இதுக்குப் பண்ணுங்க.

31/
போன வாரம் வந்த தம்பதிக்கு நீர் மாத்திரை நேரத்தை மாத்திக் கொடுத்தேன். 9 நாட்டு டூரை விட்டுட்டாங்க. அம்மாவுக்குப் பாரிஸ் ஆசை, அதை விட மனசில்ல. அதனால மகள்கிட்ட போன்ல பேசி, இத்தாலியை எடுத்துட்டு பாரிஸ் 5, லுசெர்ன் 5, வியன்னா 4ன்னு மாத்தியிருக்காங்க. மூணு ஊர்தான், எனக்குச் சம்மதம். யுங்ஃப்ராவ்யோக் இல்ல, ரீகிதான். ஐயாவுக்கு அதுல கொஞ்சம் வருத்தம். வந்தப்புறம் பேசிக்கலாம்னு சொல்லியிருக்கேன்.

32/
அப்பா திரும்ப யூரோப் பேச்சையே எடுக்க மாட்டார்னு நினைச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு அவரே கேட்டார், "மெதுவா போற மாதிரி ஏதாவது இருக்கா?" இந்த தடவை நானும் கூடப் போனேன். வியன்னாவுல அரண்மனைத் தோட்டத்து பெஞ்சுல ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தார். பக்கத்துல அந்த ஊர்ப் பெரியவர் ஒருத்தர். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷை கிடையாது. முழங்காலைத் தட்டிக் காட்டி ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டாங்க. அன்னிக்கு நாங்க பார்த்த இடம் அது ஒண்ணுதான். ரூமுக்கு வந்து மாத்திரை போட்டுட்டு, மல்லாக்கப் படுத்துத் தூங்கினார்.

33/
யூரோப் போக இருக்கிற யாராவது தெரிஞ்சா இதை அனுப்புங்க. முக்கியமா, டிக்கெட் போடுற பிள்ளைகளுக்கு. போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அப்பா அம்மாவோட மருந்துச் சீட்டை எடுத்து வச்சுக்கிட்டு, பக்கத்துல உக்காந்து, பாத்ரூம் விஷயம் உட்பட வெளிப்படையா கேளுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க.
உங்க அனுபவம் இருந்தா கீழே எழுதுங்க, படிக்கிறேன். உங்க மருந்தை மாத்தறதை மட்டும் கமென்ட்ல கேக்காதீங்க, உங்களைப் பார்க்கிற டாக்டர்கிட்ட கேளுங்க. நல்லபடியா போயிட்டு வாங்க.